கொலம்பேரியமும் மாடப்புறாவும்

பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு என்னை அழைத்தது ஒரு பலகையில் எழுத்துப்பிழை பார்க்க. சென்னையில் எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் புதுக்குழி தோண்ட இனி இடமில்லை. மேற்கு மதிலை ஒட்டிக் கருங்கல்லில் அடுக்கடுக்காகச் சிறு அறைகள் அமைத்து, எரியூட்டப்பட்டவர்களின் சாம்பலை அவற்றில் வைப்பது என்று முடிவாகியிருந்தது. கல் வியாபாரி கொடுத்த விலைப்பட்டியலில் இருந்த பெயரையே செயலர் உரக்கப் படித்தார்: "கிரானைட் கொலம்பேரியம்."

முன்வரிசையில் இருந்த பெரியவர் கையைக் காதருகே வைத்துக்கொண்டு, "கொழும்பு ஏரியாவா? அங்க எதுக்கு ஃபாதர் நம்ம ஆளுங்களை அனுப்பணும்?" என்றார். சிரிப்பு அடங்கியதும் உபதேசியார் எழுந்தார். "கொலம்பான்னா புறாங்க. தூய ஆவியார் புறா வடிவத்துல இறங்கினார் இல்லையா, அதான் அந்தப் பேரு." பலரும் தலையாட்டினார்கள். பங்குத்தந்தை என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார். பலகையில தமிழ்ல ஒரு பேரு வேணும்" என்றார். ஒரு வாரம் தவணை கேட்டு வந்தேன். அந்த ஒரு வாரத் தேடல்தான் இது.

பெரியவரின் கொழும்பை முதலில் தீர்த்துவிடலாம். லத்தீனில் 'கொலும்பா' என்றால் பெண்புறா, 'கொலும்புஸ்' என்றால் ஆண்புறா. அமெரிக்காவுக்குக் கடல்வழி போன கிறிஸ்டோபர் கொலம்பஸின் குடும்பப் பெயர் இந்த ஆண்புறாதான். கொலம்பியா என்ற நாட்டின் பெயர் அவர் வழியாக வந்தது. கொழும்புக்கும் இதற்கும் ஒட்டுறவில்லை. போர்ச்சுக்கீசியர் 1505-இல் இலங்கைக் கரை தொட்டு, அந்த ஊரின் பெயரைக் கொலம்பஸ் பெயரைப் போலவே எழுதி வைத்ததால் வந்த மயக்கம் அது. கொலம்பஸ் பிறப்பதற்கு நூறாண்டு முன்பே, 14-ஆம் நூற்றாண்டில் அங்கு போன இபுன் பதூதா ஊரைக் 'கலன்பு' என்று குறித்திருக்கிறார். களனி ஆற்றுத் துறை என்றும், இலை அடர்ந்த மாமரத் துறை என்றும் சிங்களத்தில் அந்தப் பெயருக்கு இருவிதமாக விளக்கம் சொல்கிறார்கள். இரண்டிலும் புறா இல்லை.

உபதேசியார் சொன்னதில் புறா சரி. தூய ஆவிதான் சரியில்லை. ரோமாபுரிக் கிறிஸ்தவர்கள் நிலவறைக் கல்லறைகளில் அமைதியின் அடையாளமாகப் புறாவைச் செதுக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் இந்தச் சொல் கிறிஸ்துவுக்கு முன்பே லத்தீனில் புழங்கியது, அதுவும் கோழிப்பண்ணைக்காரர்கள் வாயில்.

அக்வேரியம் என்றால் நீர்த்தொட்டி, பிளானட்டேரியம் என்றால் கோளரங்கம் என்று நமக்குத் தெரியும். அதே ஈறுதான் இங்கும். புறா இருக்கும் இடம் கொலும்பாரியும். கி.மு. 37-இல், எண்பதாவது வயதில், ரோமானிய அறிஞர் மார்க்கஸ் வர்ரோ வேளாண்மை பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு புறா வீட்டை எப்படிக் கட்டுவது என்று சொல்கிறார். கூரை கவிந்த குவிமாடம், குறுகலான ஒரு வாசல். எலியும் பல்லியும் ஏறாதபடி உட்சுவர் வழவழப்பாகப் பூசப்பட்டிருக்க வேண்டும். தரையிலிருந்து கவிகை வரை வரிசை வரிசையாக உருண்டைப் பொந்துகள், ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்று. வாய் ஒரு புறா நுழைந்து வெளியேறும் அளவு, உள்ளே எல்லாப் பக்கமும் மூன்று கையகலம். நம் கணக்கில் ஏறக்குறைய முக்கால் அடி. இப்படிப்பட்ட ஒரே வீட்டில் ஐயாயிரம் புறாக்கள் வரை இருந்தன என்கிறார். வீடு முழுவதற்கும் வர்ரோ கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்துகிறார். கொலும்பாரியும் என்பதை அவர் அந்த ஒற்றைப் பொந்துக்கு வைத்திருக்கிறார். இந்தச் சொல்லின் பிற்காலம் முழுவதும் அந்தப் பொந்துக்குள்தான் இருக்கிறது.

பொந்து என்றானபின் அதில் புறா இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? சொல் புறாவை விட்டுவிட்டுப் பொந்தைப் பிடித்துக்கொண்டது. கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், சுவரில் உத்தரம் செருகும் குழிகளை "நம் ஆட்கள் கொலும்பாரியா என்பார்கள்" என்று கொத்தனார் பேச்சைப் பதிவு செய்கிறார். நீரிறைக்கும் உருளையில் தண்ணீர் வெளியேறும் துளைகளுக்கும் அவரிடம் அதே பெயர்தான். பிற்காலத்தில் செவில்லே நகர ஆயர் இசிதோர், கப்பலின் பக்கச்சுவரில் துடுப்பு நீட்டும் ஓட்டைகளை இந்தப் பெயரால் குறித்து, புறாக்களின் ஒளிவிடம் போல இருப்பதால் வந்திருக்கும் என்று தானே காரணமும் சொல்லி வைத்தார். தச்சன், கொத்தன், மாலுமி, பண்ணைக்காரன் நால்வரும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொண்டார்கள். வரிசையாக, ஒரே அளவில், சிறியதாக எது இருந்தாலும் கொலும்பாரியும். நெருக்கடியான அடுக்குமாடிக் குடியிருப்பைப் பார்த்து "புறாக்கூண்டு மாதிரி வீடு" என்று நாம் சொல்கிறோமே, அதே கண்தான்.

செத்தவர்களுக்கு இந்தச் சொல் வந்ததும் இப்படித்தான். ரோமாபுரியின் பழைய சட்டமான பன்னிரு பலகைகள், நகர எல்லைக்குள் புதைக்கவும் கூடாது எரிக்கவும் கூடாது என்றது. எனவே நகரைவிட்டு வெளியே போகும் சாலைகளின் இருமருங்கும் கல்லறைகள் முளைத்தன. பேரரசர் அகுஸ்துஸ் காலத்தில் நகரம் பிதுங்கியது, சாலையோர நிலத்தின் விலை ஏறியது. பணக்காரன் தனக்கென்று கோபுரம் எழுப்பினான். மற்றவர்களுக்கு நிலத்தடியில் ஓர் அறை தோண்டி, நான்கு சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை பொந்துகள் குடைந்தார்கள். பொந்தின் அடித்தளத்திலேயே மண்கலங்களைப் பதித்துப் பூசிவிட்டார்கள். மேலே தெரிவது மூடி மட்டும். மூடியைத் தூக்கிச் சாம்பலைக் கொட்டி மூடினால் முடிந்தது. பொந்தின் கீழே பெயர்ப்பட்டை.

அந்தக் கலத்துக்குப் பெயர் 'ஒல்லா'. அது அடுப்பில் ஏற்றும் சமையல் பானையின் பெயரும்கூட. இதைப் படித்தபோது எனக்குத் தாழி நினைவுக்கு வந்தது. தயிர் கடைகிற தாழியும் ஆதிச்சநல்லூர் மண்ணுக்கடியில் இருக்கும் முதுமக்கள் தாழியும் நமக்கு ஒரே சொல்தான். சாவுக்கென்று புதிய பாத்திரம் செய்யவில்லை, புதிய சொல்லும் செய்யவில்லை. வீட்டில் இருந்ததை எடுத்தார்கள்.

அங்கே யார் இருந்தார்கள் என்பதைப் பெயர்ப்பட்டைகள் சொல்கின்றன. 1726-இல் ஆப்பியன் சாலையோரம் ஒரு பெரிய நிலவறை வெளிப்பட்டது. அகுஸ்துஸின் மனைவி லிவியாவின் வீட்டு அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் அதில் இருந்தார்கள். தலைமுடி ஒப்பனைக்காரி, ஆடை அறைப் பொறுப்பாளர், பொற்கொல்லர், மருத்துவர், மருத்துவச்சி. உயிரோடிருந்தபோது ஓர் அரண்மனையைச் சுமந்தவர்கள், பெயரோடும் தொழிலோடும் ஒரு சிறு பொந்துக்குள் போனார்கள். மாடப்புறாவுக்குப் பறவையியலில் 'கொலும்பா லிவியா' என்று பெயர். ஜெர்மானிய அறிஞர் க்மெலின் 1789-இல் இட்டது. அந்த லிவியா அரசி அல்ல. நீலச்சாம்பல் நிறத்தைக் குறிக்கும் சொல். ஆனாலும் லிவியாவின் ஆட்கள் கொலும்பாரியத்தில் இருந்தார்கள் என்று எழுதும்போது கை ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது.

பொந்து வணிகப் பொருளாகவும் இருந்தது. 36 பேர் பங்கு போட்டுக் கட்டிய ஒரு நிலவறையின் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. வரிசைக்கு 36 வீதம் 5 வரிசை, ஆக 180 இடம். யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொண்டார்கள். கண்மட்டத்தில் உள்ள பொந்து வேண்டும் என்று எல்லோருமே கேட்டிருப்பார்கள் போலும். சாவுச்செலவுக்கென்றே சங்கங்கள் இருந்தன. லனுவியம் என்ற ஊரில் கி.பி. 136-இல் வெட்டப்பட்ட ஒரு சங்க விதிமுறைக் கல்வெட்டு, சேரும்போது 100 செஸ்டர்ஸ் காசும் ஒரு சாடி நல்ல திராட்சை மதுவும், பிறகு மாதம் 5 செப்புக்காசும் கட்டச் சொல்கிறது. இறந்தால் ஈமச்செலவுக்கு 300 செஸ்டர்ஸ். நம் தெருக்களில் பிடிக்கும் சீட்டுக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. அழகான ஒரு ஜோடிப் புறா ரோமாபுரியில் 200 செஸ்டர்ஸுக்கு விற்கும் என்று வர்ரோ எழுதியிருப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நடுவே நூற்றெழுபது ஆண்டு ஓடியிருக்கிறது என்றாலும், புறாவுக்கும் மனிதனுக்கும் விலை வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தக் கல்வெட்டுகளில் கொலும்பாரியும் என்ற சொல் எண்ணிக்கையோடுதான் வரும். இத்தனை பொந்து, இத்தனை பானை, இன்னாருக்கு உரியது என்று பத்திரப்பதிவு நடையில். அதில் துக்கமும் இல்லை, கேலியும் இல்லை. கட்டடம் முழுவதையும் கொலம்பேரியம் என்று அழைப்பது அவற்றைத் தோண்டியெடுத்த பிற்கால ஆய்வாளர்கள் ஏற்படுத்திய வழக்கம். ரோமர்களுக்கு அது வெறும் நினைவுக்கட்டடம்.

ஒரு பொந்தை மட்டும் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ரோமாபுரியின் லத்தீன் வாசலருகே 1831-இல் கண்டெடுத்த ஒரு நிலவறையில், படியிறங்கியதும் எதிரே தெரிவது பளிங்குத் துண்டுகளாலும் வண்ணச் சில்லுகளாலும் பதித்த ஒரு பெயர்ப்பட்டை. நேயஸ் பொம்போனியஸ் ஹிலாஸ் என்ற கணவரின் பெயர், பொம்போனியா விட்டாலிஸ் என்ற மனைவியின் பெயர். மனைவியின் பெயருக்கு மேலே தனியாக ஒரே ஓர் எழுத்து: வி. 'விவித்' என்பதன் முதலெழுத்து. 'உயிரோடிருக்கிறாள்' என்று பொருள். கணவர் சாம்பலாகிவிட்டார், மனைவி பெயரை வெட்டிவிட்டு அவளுக்காகப் பக்கத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். இன்று கல்லறைக் கற்களில் கணவர் பெயருக்கு இரு ஆண்டும், மனைவி பெயருக்குப் பிறந்த ஆண்டும் ஒரு கோடும் வெட்டி நிறுத்துகிறார்களே, அந்தக் கோடும் இந்த ஓரெழுத்தும் ஒன்றுதான். விட்டாலிஸ் என்ற பெயருக்கே 'உயிருள்ளவள்' என்பதுதான் அர்த்தம் என்பது, பெயர் வைத்தவர்கள் அறியாமல் செய்த வேலை.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டிலிருந்து ரோமர்கள் எரிப்பதிலிருந்து புதைப்பதற்கு மாறினார்கள். கிறிஸ்தவம் அந்த மாற்றத்தை நிலைநிறுத்தியது. 785-இல் சார்லமேன் பேரரசர் சாக்சனியரிடையே எரியூட்டுவதை மரணதண்டனைக் குற்றமாக்கினார். சாம்பல் இல்லாதபோது சாம்பல் பொந்தும் வேண்டியிருக்கவில்லை. சொல் மறுபடி புறாக்களிடமே போய் ஐரோப்பியப் பண்ணைகளில் காலம் தள்ளியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நகரக் கல்லறைகள் நிரம்பி, சுகாதார அச்சம் பரவி, எரியூட்டும் உலைகள் செயல்படத் தொடங்கின: மிலானில் 1876, ஜெர்மனியின் கோத்தாவில் 1878, இங்கிலாந்தின் வோக்கிங்கில் 1885. சாம்பலை வைக்க இடமும் அதற்கு ஒரு பெயரும் தேவைப்பட்டன. லத்தீன் படித்த அந்தத் தலைமுறைக்குத் தொல்பொருள் நூல்களில் பெயர் தயாராக இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் 1898-இல் குவிமாடமும் வண்ணக் கண்ணாடியுமாக ஒரு கொலம்பேரியம் எழுந்தது. பிற்பாடு அந்த நகரம் தன் கல்லறைகளில் பெரும்பாலானவற்றை வெளியேற்றியபோதும் அது நின்றுவிட்டது. பாரிசின் பேர் லாஷேஸ் கல்லறையில் நடனக் கலைஞர் இசடோரா டங்கனின் சாம்பல் உள்ள பொந்துக்கு எண் 6796. மேடை முழுவதையும் நிறைத்தவர் என்று பேரெடுத்தவர் அவர்.

பொந்தைப் பார்த்தால் அதில் இருந்தது பறவையா மனிதனா என்று தெரியாது. அறிஞர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். இஸ்ரேலின் மசாடா கோட்டையை 1963 முதல் 1965 வரை அகழ்ந்த யீகல் யாதின், அங்கிருந்த சிறு பொந்துச் சுவர்களைச் சாம்பல் வைக்கும் இடமென்றே கருதினார். பிற்கால ஆய்வாளர்கள் அதைப் புறா வீடு என்றார்கள். அதே நாட்டில் மரேஷாவில் குகை குகையாக ஆயிரக்கணக்கான பொந்துகள் உண்டு. நெடுநாள் வாதத்துக்குப் பிறகு அவையும் இறைச்சிக்கும் எருவுக்கும் வளர்த்த புறாக்களின் வீடு என்ற முடிவே நிலைபெற்றது. சொல் இரண்டுக்கும் பொது என்பதால் ஒருவர் எழுதிய கொலம்பேரியத்தை இன்னொருவர் வேறாகப் படிக்க முடிந்தது.

மற்ற மொழிகள் என்ன செய்தன என்றும் பார்த்தேன். ஜெர்மன்காரர்கள் 'கலச மதில்' என்றும் சொல்வார்கள். ஜப்பானியச் சொல்லுக்கு 'எலும்பை ஒப்படைக்கும் கூடம்' என்று பொருள். இடநெருக்கடி மிகுந்த ஹாங்காங்கில் தனியார் கொலம்பேரியங்களுக்கென்றே 2017-இல் தனிச் சட்டம் வந்தது. அங்கே சீனத்தில் 'எலும்புச்சாம்பல் மாடம்' என்கிறார்கள். மாடம் என்று நான் பெயர்த்த அந்தச் சீன எழுத்து, புத்தர் சிலை வைக்கும் சுவர்க்குழியைக் குறிப்பது. ஐரோப்பியப் பேச்சு புறாவைப் பிடித்துக்கொண்டது, கிழக்காசியா எலும்பைச் சொல்லத் தயங்கவில்லை.

இதற்கிடையே பேரவையின் இன்னொரு குழு கல் பார்க்கப் போனது. நானும் ஒட்டிக்கொண்டேன். பட்டறையில் ஒரு மாதிரி அலகு நின்றது. ஒவ்வோர் அறையும் ஓரடிக்கு ஓரடிக்கு ஓரடி. வளர்ந்த ஒருவரின் சாம்பல் இரண்டு முதல் மூன்று கிலோ. அதற்கான கலசம் மூன்றேகால் லிட்டர் கொள்ளளவுக்குக் கிட்ட. எனவே ஓரடி அறையில் ஒல்லியான இரு கலசம் நிற்கும். வர்ரோவின் ஜோடிப் புறாவுக்கு முக்கால் அடி, நம் கணவன் மனைவிக்கு ஓரடி. இரண்டாயிரம் ஆண்டில் கால் அடி முன்னேற்றம்.

மேஸ்திரி கதவை விரலால் தட்டிக் காட்டினார். "வெளிக்கதவு பேர் வெட்டறதுக்கு. கழட்டினா உள்ள இன்னொரு மூடி இருக்கும். பேர் வெட்ட எடுத்துட்டுப் போற அன்னைக்கு அம்மா அப்பா வெயில்ல கெடக்கக் கூடாதில்ல?" இந்த ஒரு கேள்விக்காகவே அவரிடம் கல் வாங்கலாம் என்று தோன்றியது. கதவைப் பிடிக்கும் திருகு இரும்பாக இருக்கக்கூடாது என்றும் சொன்னார். கடற்கரை ஊரில் இரும்பு துருப்பிடித்து ஊதும், ஊதினால் கல்லையே வெடிக்க வைக்கும். வெண்கலம் வேண்டும், அல்லது துருப்பிடிக்காத எஃகு. உள்ளே வேர்க்கிற ஈரம் வெளியேற வழி இருக்கிறதா, முழுக்கல்லா அல்லது கான்கிரீட் கூட்டில் ஒட்டிய பலகையா, பல டன் எடையைத் தாங்க அஸ்திவாரம் என்ன ஆழம் என்று பொருளாளர் கேட்டுக் குறித்துக்கொண்டார். பெயர்க்காரனான நான் கல்லின் பெயரைக் கேட்டேன்.

கறுப்பாக, கண்ணாடிபோல் மின்னியது குன்னம் பிளாக். விழுப்புரம் மாவட்டத்துக் குன்னம். எழுத்து வெட்டினால் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும் என்பதால் உலகெங்கும் கல்லறைக்காரர்கள் விரும்புவது. ஆனால் 'கிரானைட்' என்ற சொல் இத்தாலிய 'கிரனித்தோ', அதாவது மணிமணியானது. தானியத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. குன்னம் கறுப்பில் கண்ணுக்குத் தெரியும் மணியே இல்லை. புவியியலாளர்கள் அதை டோலரைட் என்பார்கள், கிரானைட் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அப்படியானால் விலைப்பட்டியலில் உள்ள 'கிரானைட் கொலம்பேரியம்' என்ற இரண்டு சொல்லில் கிரானைட்டும் இல்லை, புறாவும் இல்லை. நாம் மட்டும் ஒழுங்கா? கருங்கல் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி சாம்பல் நிறம்.

பக்கத்தில் ஊதாச் சுழிகளோடு ஒரு பலகை இருந்தது. தமிழ்நாட்டிலேயே வெட்டப்படும் கல், வியாபாரப் பெயர் 'பாரடைசோ'. இத்தாலியத்தில் சொர்க்கம். சொர்க்கம் என்று பொருள்தரும் இந்த ஐரோப்பியச் சொல்லின் வேரைப் பிடித்துப் பழைய ஈரானிய மொழிக்குப் போனால் 'சுற்றிலும் மதில் எழுப்பிய இடம்' என்ற பொருளில் முடியும். மதிலோரத்தில் கட்டப்போகும் எங்களுக்குப் பொருத்தமான கல்தான். விலை கேட்டதும் பொருளாளர் நகர்ந்துவிட்டார்.

கடைசியில் மேஸ்திரி, "இதெல்லாம் எதுக்கு, நம்ம பல்லாவரத்துக் கல்லு மாதிரி வருமா" என்று பெருமூச்சு விட்டார். அவருக்குத் தெரியாமல் அவர் தொட்டது இந்தக் கதையின் மிக விசித்திரமான பெயரை. 1690-களில் கல்கத்தாவில் இறந்த ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைமேல் ஒரு கரிய கல் போட்டிருந்தார்கள். இருநூறாண்டு கழித்துப் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லை ஆராய்ந்து, அது சென்னையின் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை என்று கண்டார். 1893-இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டார். இப்போது உலகில் எந்த மூலையில் அது கிடைத்தாலும் அதே பெயர். கல்லில் மனிதன் பெயரை வெட்டுவது வழக்கம். இங்கே கல்லறைக்குள் இருந்த மனிதனின் பெயர் மேலே கிடந்த கல்லுக்கே ஒட்டிக்கொண்டது. நம் ஊர்ப் பாறை ஒரு கல்லறை வழியாகத்தான் தன் பெயரைப் பெற்றிருக்கிறது.

வீடு திரும்பித் தமிழ்ச் சொற்களை அடுக்கிப் பார்த்தேன். முதலில் கல்லறை. கல்லால் ஆன அறை. மண்ணில் குழி வெட்டி மூடும் இடத்துக்கு இந்தச் சொல்லை இத்தனை காலம் வாடகைக்குத்தான் விட்டிருக்கிறோம். ஓரடிக் கல் அறையே அதற்குச் சரியான சொந்தக்காரன். ஆனால் தோட்டம் முழுவதற்கும் அந்தப் பெயர் ஏற்கெனவே இருப்பதால் பலகையில் பயன்படாது.

அடுத்து, உள்ளே இருப்பது என்ன? சாம்பல் என்கிறோம். விறகின் சாம்பல் அல்ல அது. உலையில் உடலின் மென்பகுதியெல்லாம் ஆவியாகிப் போய்விட, மிஞ்சுவது எலும்பின் சுண்ணாம்புச் சத்து. அதை அரைத்துத்தான் தூளாக்கிக் கொடுக்கிறார்கள். அஸ்தி என்ற வடசொல்லுக்கு எலும்பு என்றே பொருள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ காடாற்றப் போய், பால் தெளித்து, எலும்புத் துண்டுகளைப் பொறுக்கிக் கலயத்தில் சேர்த்தவர்களின் சொல் அது. அவர்கள் கையில் பட்டது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். சாம்பலைவிட அஸ்திதான் மெய்.

இனி அந்தப் பொந்து. இதற்குத் தமிழில் தேடவே வேண்டியதில்லை. என் பாட்டி வீட்டுத் திண்ணைச் சுவரில், கதவுக்கு இருபுறமும், விளக்கேற்றி வைக்க இரு குழிகள் இருந்தன. மேற்பக்கம் வளைந்து கரிப்பிடித்திருக்கும், கீழ்ப்பக்கம் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கும். அதன் பெயர் மாடம். மாடக்குழி என்பாரும் மாடப்பிறை என்பாரும் உண்டு. மாடி வீட்டுக்கும் மாடம்தான் பெயர். மதுரைக்கு நான்மாடக்கூடல் என்று பெயர் வந்தது அந்த மாடங்களால். முற்றத்தில் துளசிக்கு மாடம். உயர்ந்த மாளிகை முதல் ஒரு விளக்குக்குழி வரை ஒரே சொல், கொஞ்சமும் சங்கடமில்லாமல்.

அந்த மாடங்களில் வந்து குடியேறிய பறவைக்குத் தமிழ் என்ன பெயர் வைத்தது? மாடப்புறா. பழந்தமிழில் வெறும் புறவு. காட்டிலும் பாறையிலும் இருந்த பறவை நகரத்து மாளிகைகளின் இடுக்குகளுக்கு வந்ததும் பெயரின் முன்னால் மாடம் சேர்ந்தது. தமிழ் விவிலியம் படிக்கும் எங்கள் பங்குக்கும் அந்தப் பறவை பழக்கம்தான். கோவில் காணிக்கையாக வரும் பறவை அது.

இந்த இடத்தில்தான் ஒரு வாரமாக அலைந்தது எனக்கு ஈடாயிற்று. லத்தீன்காரன் புறாவைப் பார்த்துப் பொந்துக்குப் பெயர் வைத்தான், பிறகு அந்தப் பொந்தில் மனிதனை வைத்தான். தமிழன் பொந்தைப் பார்த்துப் புறாவுக்குப் பெயர் வைத்தான். பறவை அதே பறவை, 'கொலும்பா லிவியா'. பொந்தும் அதே பொந்து. ஒன்று பறவையிலிருந்து சுவருக்கு நடந்த சொல், மற்றது சுவரிலிருந்து பறவைக்கு நடந்த சொல். சுவர்க்குழியின் வாயில் இரண்டும் நேருக்கு நேர் வந்து நிற்கின்றன. கொலம்பேரியத்துக்கு மாடம் என்பது மொழிபெயர்ப்பே அல்ல. அதே இடத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த சொந்தச் சொல்.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் சுருக்கிச் சொல்லி, 'அஸ்தி மாடம்' என்று எழுதலாம் என்றேன். கத்தோலிக்கத் திருச்சபை எரியூட்டுவதை 1963-இல்தான் அனுமதித்தது என்பதையும், சாம்பலை வீட்டில் வைக்காமலும் தூவாமலும் புனிதமான இடத்தில் காக்க வேண்டும் என்று 2016-இல் அறிவுறுத்தியது என்பதையும் பங்குத்தந்தை விளக்கினார். மாதா சபைத் தலைவி எழுந்து, "அஸ்தின்னா ஆத்துல கரைக்கறதுதான் சார் நெனப்புக்கு வருது. நாம கரைக்கலையே, வெச்சுக்கறோம்" என்றார். சொல்லின் வேர் என் பக்கம் இருந்தது, வழக்கு அவர் பக்கம் இருந்தது. பேசுகிறவர்கள் கையில்தான் சொல் என்பதை ஒரு வாரம் முழுக்க லத்தீனில் படித்துவிட்டு வந்த நான் அதற்குமேல் என்ன வாதாடுவது? 'நினைவு மாடம்' என்று முடிவாயிற்று. பின்பாதி தப்பியதே எனக்குப் போதும்.

கூட்டம் முடிந்து இட ஒதுக்கீட்டுப் படிவம் கொடுத்தார்கள். கொழும்புப் பெரியவர்தான் முதல் ஆளாகக் கைநீட்டி வாங்கினார். மனைவியை இழந்து ஐந்தாறு மாதம் ஆகிறது, கலசம் இன்னும் கோவில் அலுவலக அலமாரியில் இருக்கிறது. இருவர் அறை வேண்டும் என்று கட்டம் போட்டுக் காட்டினார், மூன்றாவது வரிசையில், கண்மட்டத்தில். பிறகு மகனுக்குக் கைப்பேசியில் சொன்னார்: "ஆமாப்பா, எடம் போட்டாச்சு. அம்மா மூணாவது மாடத்துல இருப்பா. நான் அப்புறமா போறேன்."

நினைவு என்ற முன்பாதியை அவர் சொல்லவே இல்லை.